திறந்த போர்ட் ஒயின் ஆறு மாசம் தாங்குமா? டோரோ நதிக் கப்பல் பாரை முன்வைத்து

நதிமுகம்:
போர்ட் என்பது போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் சாராயம் கலந்து செய்யும் இனிப்பு ஒயின். அங்கே போகிறவர்களுக்காகக் கடற்காகம் போட்ட "டோரோ நதிப் பயணம்: என்ன குடிக்கலாம், என்ன சாப்பிடலாம்" பதிவில் ஒரு வரி: "போர்ட்டில் 20 சதவீதம் ஆல்கஹால் இருப்பதால் திறந்த பாட்டில் ஆறு மாசம் அப்படியே இருக்கும். கப்பல் பாரில் எந்தப் பாட்டிலில் இருந்து ஊற்றினாலும் தைரியமாக வாங்குங்கள்."

இதை நம்பிப் போகிறவர் வின்டேஜ் (ஒரே நல்ல அறுவடையில் செய்து பாட்டிலில் வளரவிடும் உசத்திப் போர்ட்) கிளாஸுக்குக் காசைக் கொட்டி, உயிர் போன ஒயினைக் குடித்துவிட்டு, போர்ட் என்றாலே இவ்வளவுதான் போலிருக்கிறது என்று திரும்பி வருவார். எந்தப் போர்ட் என்று சொல்லாமல் ஆறு மாசம் என்று எழுதுவது பொறுப்பில்லாத வேலை.

தொழிலில் இருக்கிறவர்கள் சொல்லும் கணக்கு இது. வின்டேஜ் ஒன்று இரண்டு நாள். எல்பிவி, அதாவது தாமதமாகப் பாட்டிலில் அடைத்த வின்டேஜ், நாலைந்து நாள். ரூபி, அதாவது அதிக வருஷம் வைக்காத சிவப்புப் போர்ட், எட்டுப் பத்து நாள். பீப்பாயிலேயே பழகும் டானியில் சாதாரணமானது மூன்று நாலு வாரம். 10, 20, 30, 40 வருஷம் என்று எழுதிய டானியும், ஒரே வருஷத்து டானியான கொல்யெய்ட்டாவும் ஒன்றிலிருந்து நாலு மாசம். இதில் ஆறு மாசம் எங்கே இருக்கிறது?

கடற்காகம்:
இந்த இழை வரும் என்று எனக்குத் தெரியும். மதேரா (போர்ட் மாதிரியே சாராயம் கலந்த இன்னொரு போர்ச்சுகல் ஒயின்) விவாதத்தில் பட்டது இன்னும் உங்களுக்கு ஆறவில்லை.

போர்ட் எப்படிச் செய்கிறார்கள் என்பதிலிருந்து வாருங்கள். 435 லிட்டர் புளித்துக்கொண்டிருக்கும் சாறு, அதில் 115 லிட்டர் அகுவார்தென்ட், 77 சதவீதச் சாராயம். ஈஸ்ட் செத்து, சர்க்கரையில் பாதி அப்படியே நிற்கும். 550 லிட்டர் பீப்பாய் நிறைந்தது, கணக்கு முடிந்தது. அந்த 20 சதவீதத்தில் வினிகர் ஆக்கும் பாக்டீரியா பிழைக்காது. கடல்பயணம் தாங்கட்டும் என்றுதான் ஆரம்பத்தில் சாராயமே கலந்தார்கள். கப்பலுக்கென்று பிறந்த ஒயின் கப்பல் பாரில் கெட்டுப்போகுமா? ஆறு மாசம் என்றேன், ஆறு மாசம்தான்.

நதிமுகம்:
வினிகரைப் பற்றி யார் பேசினார்கள்? சாராயம் பாக்டீரியாவைத் தடுக்கும். காற்றைத் தடுக்காது.

வின்டேஜ் மரத்தில் இருப்பது இரண்டு மூன்று வருஷம்தான். பிறகு பாட்டிலுக்குள் இருபது, முப்பது வருஷம் காற்றே படாமல் கிடக்கிறது. கார்க்கை எடுத்த நிமிஷம் அத்தனை வருஷக் காற்றும் ஒரேயடியாக வந்து மோதுகிறது. முதல் நாள் பிளம், வயலட் பூ வாசம். மூன்றாம் நாள் அந்த வாசம் அடங்கி, இனிப்பும் சாராயச் சூடும் மட்டும் மிஞ்சும். டானி கதையே வேறு. பீப்பாயின் மரத் துவாரங்கள் வழியாக வருஷக்கணக்கில் காற்றோடு பழகி, நிறம் வெளுத்து, வாதுமை வாசம் ஏறி வந்தது அது. இனிமேல் காற்று அதனிடமிருந்து பறிக்க அதிகம் இல்லை. அதனால்தான் ஒன்றுக்கு இரண்டு நாள், இன்னொன்றுக்கு நாலு மாசம்.

நீங்கள் சொல்கிற நீண்ட ஆயுள் மதேராவின் குணம். அதை மூன்று மாசத்துக்குக் குறையாமல் 45, 50 டிகிரியில் காய்ச்சி, காற்றும் காட்டி, கெட வேண்டியதையெல்லாம் முன்பே கெடுத்துத்தான் பாட்டிலில் அடைக்கிறார்கள். மதேராவின் குணத்தை எடுத்துப் போர்ட் தலையில் கட்டாதீர்கள்.

பீங்கான் தட்டு:
கெட்டுப்போவது என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? புளித்துப் போவதா, வாசம் போவதா? அதை முதலில் பேசிக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

கடற்காகம்:
20 வருஷ டானி நாலு மாசம் தாங்கும் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். அதைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஆறு மாசம் ஏன் வராது? ஆக நான் எழுதியது சரிதான். மேலும், லேபிளில் வருஷம் போட்ட பாட்டில் எதுவானாலும் உசத்திச் சரக்கு, அதை எந்த பாரும் திறந்து போட்டு வைக்காது.

நதிமுகம்:
"குளிர்பெட்டியில் 20 வருஷ டானி" என்று நீங்கள் எழுதவில்லை. "எந்தப் பாட்டிலில் இருந்து ஊற்றினாலும்" என்று எழுதினீர்கள்.

வருஷம் போட்டதெல்லாம் வின்டேஜ் இல்லை. வருஷம் மூன்று வகையில் வரும். கொல்யெய்ட்டா: ஒரே வருஷத்து டானி, குறைந்தது ஏழு வருஷம் பீப்பாயில். அறுவடை வருஷத்தோடு பாட்டிலில் அடைத்த வருஷமும் லேபிளில் இருக்கும். எல்பிவி: நாலிலிருந்து ஆறு வருஷம் கழித்து அடைத்தது. அதிலும் அடைத்த வருஷம் உண்டு. வின்டேஜ்: 2011, 2016, 2017 மாதிரி நல்ல அறுவடை என்று அறிவித்த வருஷங்களில் வருவது. 2011 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஆறு மாசம் என்று சொன்னால், அது கொல்யெய்ட்டாவாக இருந்தால் பாதிக்கிணறு தாண்டலாம். வின்டேஜாக இருந்தால் மூன்றாம் நாளே தோற்றீர்கள்.

லேபிள் படிக்கத் தெரியாதவர் மூடியைப் பாருங்கள். மேலே கறுப்புப் பிளாஸ்டிக் குமிழ் வைத்த குட்டைக் கார்க், கையால் திருகி எடுக்கலாம் என்றால், அந்த ஒயின் இப்போதே குடிக்கத் தயாரானது, பாட்டிலில் வளராது. நீளக் கார்க் உள்ளே இறங்கி, எடுக்கத் திருகாணி வேண்டும் என்றால், அநேகமாக அது பாட்டிலில் வளரும் ஜாதி: வின்டேஜ், அல்லது வடிகட்டாத எல்பிவி. பாரில் நீளக் கார்க் பாட்டில் பாதியாக நின்றால் என்றைக்குத் திறந்தீர்கள் என்று கேளுங்கள்.

சுக்கான்:
கப்பல் என்று வரும்போது இன்னொன்று இருக்கிறது, இருவருமே விட்டுவிட்டீர்கள். போர்ட்டோவிலிருந்து ஸ்பெயின் எல்லையில் பார்கா த ஆல்வா வரை சுமார் 210 கிலோமீட்டர். நடுவே ஐந்து அணை: க்ரெஸ்டுமா-லெவெர், கர்ரபாடெலோ, ரேகுவா, வலெய்ரா, பொசின்யோ. அணையைத் தாண்டக் கப்பலைத் தண்ணீரில் ஏற்றி இறக்கும் தொட்டிதான் லாக். அதன் அகலம் 12 மீட்டர் சொச்சம், நீளமும் அளவானதுதான், அதனால் கப்பல் 80 மீட்டர் நீளத்தை ஒட்டியே இருக்கும், பயணிகள் நூறிலிருந்து நூற்று முப்பது. இருட்டில் பயணிகள் கப்பல் ஓடாது. எஞ்சின் பகலில் ஓடும், பார் அலமாரி அதிரும்.

வின்டேஜ் வண்டல் அடங்க பாட்டிலை முடிந்தால் ஒரு முழு நாள், குறைந்தது ஓர் இரவாவது நிமிர்த்தி வைக்க வேண்டும். ஓடுகிற கப்பலில் அது அடங்காது. முந்தின சாயங்காலம் கரை கட்டியதும் நிமிர்த்தி வைத்து, காலை எஞ்சின் போடுவதற்கு முன் வடித்துவிட வேண்டும். வடித்தால் அன்று இரவுக்குள் விற்றாக வேண்டும். இதுதான் நடைமுறை. ஐரோப்பாவிலேயே உயரமான கர்ரபாடெலோ லாக்கில் 35 மீட்டர் ஏறி இறங்கும்போது பாட்டில் சும்மாவா நிற்கும்?

நதிமுகம்:
சொன்ன நடைமுறை சரி. வடிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாட்டில் கழுத்துக்குக் கீழே விளக்கு, புனலில் மல் துணி, நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்றி, பாட்டில் தோளில் கறுப்புக் கோடு தெரிந்ததும் கையை நிறுத்துவது. நடுவில் ஒருமுறை நிமிர்த்தினால் வண்டல் கலங்கிப் பாட்டிலே வீண். 750 மில்லியில் 50 வண்டலோடு போகும். மீதி 700, கிளாஸுக்கு 60 மில்லி என்றால் பதினோரு கிளாஸ். நூறு பேர் கப்பலில் பதினோரு கிளாஸ் விற்க இரண்டு இரவு போதும். மத்தியான உணவின்போதே பெயர் எழுதி வாங்கிக்கொண்டால் ஒரே இரவு. மூன்றாம் நாளுக்கு மிச்சம் வைக்கவே தேவையில்லை. ஆறு மாசம் என்ற பேச்சு எதற்கு?

ஆனால் கர்ரபாடெலோவை "ஐரோப்பாவிலேயே உயரமான" என்று சொல்லாதீர்கள். உயரமான லாக்குகளில் ஒன்று. 35 மீட்டர் சரி. பட்டம்தான் சரியில்லை.

சுக்கான்:
படகுத்துறையில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு எதையும் ஒரு சொல் திருத்தாமல் விட மனசு வராது. லாக்கில் தண்ணீர் கப்பலை மெதுவாகத்தான் தூக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நான் சொன்னது, நுழையும்போது சுவரில் உரசும் அதிர்வை.

கடற்காகம்:
பார்த்தீர்களா, தன் பக்கம் பேசுகிறவரையும் விடவில்லை. அந்த "மூன்றாம் நாளே தோற்றீர்கள்" மிரட்டலும் அப்படித்தான். கொராவின் என்று ஒரு கருவி இருக்கிறது. கார்க்கில் ஊசி இறக்கி ஆர்கான் வாயு விட்டு ஒயின் எடுக்கலாம், காற்றே படாது. வின்டேஜும் மாசக்கணக்கில் நிற்கும். ஆறு மாசம்!

நதிமுகம்:
அது "திறந்த பாட்டில்" இல்லையே. நீங்கள் எழுதியது திறந்த பாட்டில்.

அப்படியே வைத்துக்கொண்டாலும், முப்பது வருஷக் கார்க்கில் ஊசி இறக்கினால் பொடிந்து உள்ளே விழும், ஊசி போன ஓட்டை திரும்ப மூடாது. ஒவ்வொரு கிளாஸுக்கும் பாட்டிலைச் சாய்க்க வேண்டும், சாய்க்கும்போதெல்லாம் வண்டல் எழும். வண்டலில்லாத இளம் ஒயினுக்கு அந்தக் கருவி நல்லது. பழைய வின்டேஜுக்குப் போர்ட் இடுக்கி இருக்கிறது: அந்த இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, கார்க்குக்குக் கீழே கழுத்தில் அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் பிடித்து, ஈரத்துணியை வைத்தால் கண்ணாடி சுத்தமாக விண்டு வரும். நெருப்பு வேலை என்பதால் கப்பலில் இதை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அப்போது இரண்டு தகடு கொண்ட கார்க் எடுப்பான்தான் வழி.

முதல் பயணம்:
வணக்கம். செப்டம்பரில் போகிறோம். ஊருக்கு ஒரு பாட்டில் வாங்கி வர எது நல்லது? வீட்டில் ஒருவர்தான் குடிப்பார், வாரம் ஒரு கிளாஸ்.

பீங்கான் தட்டு:
அவருக்கு யாராவது பதில் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பக்கம் நான் சொல்கிறேன், கடற்காகம் பதிவில் அதுவும் தப்பு. "சைவர்களுக்குச் சீஸ் ஆகாது, போர்ச்சுகலில் எல்லாச் சீஸும் கன்றுக்குட்டி இரைப்பை நொதி" என்று எழுதியிருக்கிறார். செர்ரா த எஸ்ட்ரெலா சீஸ் ஆட்டுப்பால், செம்மறி. உறைய வைப்பது கார்தூ என்கிற முள்செடிப் பூவின் சாறு. விலங்கு நொதி இல்லை. பழுத்ததை மேல்தோலை மூடி மாதிரி வெட்டி எடுத்து, உள்ளே இருப்பதைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட வேண்டும். குளிரவைத்த 20 வருஷ டானியோடு அது நிற்கும் நிற்பே வேறு.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது கால்தோ வெர்தே சூப்பில். உருளைக்கிழங்கு, கீரை என்று மெனுவில் போட்டிருப்பார்கள். மேலே சோரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். துண்டை எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் சூப்பிலேயே அதைக் கொதிக்க வைத்திருப்பார்கள். ஏறிய முதல் நாளே சமையலறைக்குச் சொல்லி வைத்தால் தனியாக வைப்பார்கள். மேஜையில் உட்கார்ந்து கேட்டால் துண்டைத்தான் எடுப்பார்கள்.

கடற்காகம்:
சீஸில் ஒரு வகையைக் காட்டி என் முழுப் பதிவையும் தப்பு என்கிறீர்கள். நான் பொதுவாக எழுதினேன். போர்ட்டோவில் இருக்கிற கிடங்குகளில் போய்க் கேட்டாலும் போர்ட் கெடாது என்றுதான் சொல்வார்கள்.

நதிமுகம்:
கிடங்குகள் போர்ட்டோவில் இல்லை. ஆற்றின் தென்கரையில், வீலா நோவா த கயாவில். அங்கே சரிவுகள் வடக்குப் பார்த்தவை, வெயில் நேராக அடிக்காது, அட்லாண்டிக் ஈரக்காற்று வரும். அதனால்தான் மலையிலிருந்து ரபேலோ படகில் பீப்பாயை அங்கே இறக்கினார்கள். மேலே டோரோ பள்ளத்தாக்கின் வெக்கையில் வைத்தால் ஒயினில் தீய்ந்த சர்க்கரை வாசம் ஏறும், அதற்கு "டோரோ பேக்" என்றே பெயர். 1986 வரை போர்ட் கயாவிலிருந்துதான் ஏற்றுமதி ஆக வேண்டும் என்று சட்டமே இருந்தது.

இதைச் சொல்லக் காரணம், வெப்பம்தான் இங்கே ஆதாரம். பீப்பாய் ஒயினையே குளிர்ந்த சரிவு தேடிக் கொண்டுபோய் வைத்தவர்கள், திறந்த பாட்டிலை ஆகஸ்ட் மாசம் பார் விளக்குக்குக் கீழே 25 டிகிரியில் ஆறு மாசம் வைக்கச் சொல்வார்களா?

முதல் பயணத்துக்கு: வாரம் ஒரு கிளாஸ் என்றால் குமிழ்க் கார்க் உள்ள 10 அல்லது 20 வருஷ டானி. குளிர்பெட்டிக் கதவில் நிமிர்த்தி வையுங்கள், குடிக்கப் பதினைந்து நிமிஷம் முன்னால் எடுங்கள். 12 வாரத்தில் தீரும், கணக்குக்குள் வருகிறது. வின்டேஜ் வேண்டாம், பதினோரு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும். இந்தியாவுக்கு ஆளுக்கு 2 லிட்டர்தான் வரியில்லாமல். 750 மில்லியில் இரண்டு பாட்டில், மூன்றாவது 2.25 ஆகிவிடும்.

கடற்காகம்:
12 வாரம் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. 12 வாரம் தாங்குவது 24 வாரம் தாங்காதா? அதுதான் ஆறு மாசம்.

பீங்கான் தட்டு:
வாசமா, புளிப்பா என்று நான் கேட்டது அப்படியே கிடக்கிறது.

சுக்கான்:
கர்ரபாடெலோ பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

நதிமுகம்:
கடற்காகம், பதிவில் இருக்கும் அந்த வரியில் "எந்தப் பாட்டில்" என்பதை எடுத்துவிட்டு "குளிர்பெட்டியில் வைத்த, வயது எழுதிய டானி, நாலு மாசம்" என்று மாற்றுங்கள். மாற்றும்வரை இந்த இழையை நான் மேலே தூக்கிக்கொண்டேதான் இருப்பேன்.

கடற்காகம்:
ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். ஆறு மாசம்.