வடக்கன்குளம் சுவரை இடித்தது செபமா, கடப்பாரையா?

பத்தி_மூன்று:
செபமாலை_தாசன் போட்ட தவக்காலச் சிந்தனையைப் பார்த்துவிட்டுத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அதன் சாரம்: சமூக நீதி, போராட்டம், வழக்கு இதெல்லாம் உலகத்தின் வழி, திருச்சபையின் வழி செபமும் ஒறுத்தலும். அதற்கு அவர் காட்டும் சாட்சி நெல்லைப் பக்கத்து வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில். "1910ல் அங்கே சாதிச் சுவர் ஒரு புனிதமான குருவின் செபத்தால் விழுந்தது, கொடி பிடித்து அல்ல" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாக ஆமென் வேறு.

அந்தக் கோயிலின் அமைப்பு தெரியுமா? பீடத்தில் வந்து சேரும் இரண்டு நீளக் கூடங்கள். கால்சட்டைக் கோயில் என்பார்கள். ஒரு கூடத்தில் பிள்ளைமாரும் முதலியார்களும், மற்றதில் நாடார் முதலானவர்கள். ஒரே பூசை, ஒரே நற்கருணை, நடுவில் சுவர். 19ஆம் நூற்றாண்டில் அப்படிக் கட்டியவர்கள் இயேசு சபைக் குருக்கள். 1910ல் சுவரை எடுத்தவர் கௌசானல் சாமி, அவரும் அதே சபைதான். உடனே வழக்கு. மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த் என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பிள்ளைமார் தரப்பு தோற்றது. அதனால்தான் சுவர் திரும்ப எழவில்லை. இதில் செபம் எந்தச் செங்கல்லை அசைத்தது?

செபமாலை_தாசன்:
அண்ணே, சட்டப் புத்தகம் படிக்கிற நீங்கள் எபேசியர் 2:14 படித்ததில்லை போலிருக்கிறது. பிரிக்கிற நடுச்சுவரைத் தகர்த்தவர் கிறிஸ்து என்று பவுலடியார் சொல்கிறார், கடப்பாரை என்று சொல்லவில்லை. கௌசானல் சாமிக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? நீதிமன்றமா கொடுத்தது? இடித்தது 1910, தீர்ப்பு வந்தது அதற்குப் பிறகு. உங்கள் கணக்குப்படியே சுவர் விழுந்தபோது நீதிபதி அங்கே இல்லை.

பத்தி_மூன்று:
தம்பி, விழுந்ததும் விழுந்தே கிடந்ததும் ஒன்றா? தீர்ப்பு மாறி வந்திருந்தால் அதே செங்கல்லை அதே இடத்தில் அடுக்கியிருப்பார்கள். அப்புறம் இன்னொன்று: சுவர் நின்ற காலம் முழுவதும் அந்தக் கோயிலில் செபமே நடக்கவில்லையா? ஒவ்வொரு தவக்காலமும் சிலுவைப்பாதை சுவருக்கு இரண்டு பக்கமும் நடந்ததுதானே!

பனங்காட்டான்:
'நாடார் முதலானவர்கள்' என்று இரண்டே சொல்லில் கடந்து போனீர்களே, நல்லது. சாமி இடித்தார், கோர்ட் காப்பாற்றியது, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ன செய்தான் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலை உரிமைக்காக அடி வாங்கி 1859ல் திருவிதாங்கூர் அரசிடம் உத்தரவு வாங்கிய கூட்டம் அது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கை அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோய் 1908ல் தோற்ற கூட்டம். இரண்டே வருடத்தில் வடக்கன்குளம். சுவரைத் தள்ளியது அந்த அழுத்தம்தான். இதில் செபமும் இல்லை, கடப்பாரையும் இல்லை.

பத்தி_மூன்று:
வாங்க. பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவர் விழுந்த பிறகு பறையர், பள்ளர், சக்கிலியர் குடும்பங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள் என்பதையும் அதே பெருமையோடு எழுதுங்கள்.

பனங்காட்டான்:
பேச்சை மாற்றாதீர்கள். கமுதிக்குப் பதில் சொல்லுங்கள்.

எழுப்புதல்_தீ:
பிரதர்ஸ், சுவரே இல்லாத சபைக்கு வாருங்கள். எங்கள் ஆராதனையில் தனி வரிசை இல்லை, தனிக் கூடம் இல்லை. பரிசுத்த ஆவியானவர் இறங்கினால் ஜாதி தானாக ஓடும். சிலைகளை வைத்துக்கொண்டு சமூக நீதி பேசினால் இப்படித்தான் நூறு வருடம் சுவர் சண்டை போடுவீர்கள். முதலில் இரட்சிப்பு, மற்றதெல்லாம் கூடக் கொடுக்கப்படும்.

மகதலா:
எழுப்புதல் பிரதர், ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை பக்கத்தைப் புரட்டுங்கள். "இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, அந்நிய பாஷை பேசுகிற" என்று மூன்று தகுதி போட்டு, நான்காவதாக ஜாதி, ஐந்தாவதாக உட்பிரிவு. உங்களிடம் சுவர் இல்லைதான். கல்யாணத் தரகர் இருக்கிறார்.

எழுப்புதல்_தீ:
அது பேரண்ட்ஸ் போடுகிற விளம்பரம், சபை போடுவதல்ல.

ஈரோட்டுக்_கண்ணாடி:
நோய்க்கு உள்ளேயே மருந்து தேடுகிறீர்கள். கோயிலை விட்டு வெளியே வந்தால் சுவரும் இல்லை, வழக்கும் இல்லை. பெரியார் இதைத்தான் சொன்னார்.

செபமாலை_தாசன்:
1910ல் உங்கள் பெரியார் ஈரோட்டில் மண்டிக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார் ஐயா. சுவரை இடித்தவர் அங்கி போட்ட சாமியார். வரலாற்றை மாற்ற முடியாது.

பத்தி_மூன்று:
அங்கி போட்ட சாமியார்தான், ஒத்துக்கொண்டாயிற்று. எந்த ஆன்மிகத்தோடு இடித்தார் என்பதுதான் கேள்வி. அவர் சபையே 1975ல், 32ஆம் பொதுப் பேரவையின் 4ஆம் ஆணையில், விசுவாசத்துக்குச் செய்கிற சேவையில் நீதிக்காக உழைப்பது தவிர்க்கவே முடியாத பகுதி என்று எழுதி வைத்தது. உங்கள் 'உலகத்தின் வழி' அவர்கள் சாசனத்திலேயே இருக்கிறது. அது போதாதென்றால் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்), 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது சொன்னது: கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தால்கூட அது உண்மையான ஆன்மிகத்துக்கே ஆபத்து. ஆன்மிகத்துக்கு ஆபத்து என்றார், கவனியுங்கள். உங்கள் சிந்தனையில் இந்த வரியைக் காணோமே, இடப் பற்றாக்குறையா?

செபமாலை_தாசன்:
பாப்பரசர் மனமாற்றத்தைத்தான் கேட்டார், வழக்கை அல்ல. மனம் மாறாமல் இடிக்கிற சுவர் மனதுக்குள் திரும்ப எழும். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதி பிரிக்கும் சுவரை ஆட்கள் போய் இடிக்கப் பார்த்தார்களே, அதனால் எந்தக் குடும்பம் ஒன்று சேர்ந்தது?

பத்தி_மூன்று:
கல்லறையை நீங்களே எடுத்துவிட்டீர்கள், சரி. செபக்காரர்களுக்கும் தெரிவதில்லை, கடப்பாரைக்காரர்களுக்கும் தெரிவதில்லை, அதனால் முழுசாகச் சொல்கிறேன். கல்லறையில் சுவர்தான் கடைசி வேலை.

முதலில் பட்டா. நிலம் மறைமாவட்டச் சொசைட்டி பெயரில் இருந்தால் ஆயர் ஒரு சுற்றறிக்கையில் முடிக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் பெயரிலோ சாதிச் சங்கத்தின் பெயரிலோ இருந்தால் ஆயர் கையெழுத்துக்கு அங்கே செல்லுபடி கிடையாது. இதைப் பார்க்காமல் பங்குச்சாமி ஞாயிறு பூசையில் "இனி ஒரே கல்லறை" என்று அறிவிப்பார், திங்கள்கிழமை கேட்டில் புதுப் பூட்டு தொங்கும். அடுத்த சாவு விழுகிற அன்று பிணத்தை வைத்துக்கொண்டு தாசில்தாரைத் தேட வேண்டும். ஆகவே வில்லங்கச் சான்று, பட்டா நகல் இரண்டும் கையில் வந்த பிறகுதான் அறிவிப்பு.

அடுத்து குழி வரிசை. இறந்த தேதிப்படி அடுத்தடுத்த குழி என்று எழுத்தில் வேண்டும், அடக்கப் பதிவேடு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பல ஊரில் சாதி பிரித்து இரண்டு பதிவேடு. "அவரவர் சொந்தக்காரர் பக்கத்தில்" என்று விட்டால் சுவரே இல்லாமல் கிழக்கே ஒரு சாதி, மேற்கே ஒரு சாதி.

பெரிய ஓட்டை குடும்பக் கல்லறை. திருச்சபைச் சட்டம் 1241 குடும்பங்கள் தனிக் கல்லறை வைத்துக்கொள்ள இடம் தருகிறது. பொதுக் கல்லறை என்று முடிவான மறுவாரம் வசதியுள்ள தெருக்காரர்கள் பணம் கட்டி முன்வரிசை முழுவதையும் குடும்ப இடமாக்கிவிடுவார்கள். சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது. இதை அடைக்க வழி: புதிதாகக் குடும்பக் கல்லறைக்கு அனுமதி இல்லை, பழையதில் இடம் தீர்ந்தால் நீட்டிப்பு இல்லை என்று மறைமாவட்ட விதி. 1243 அந்த விதி போட அதிகாரம் தருகிறது.

சவ வண்டி. ஒரே வண்டி, ஒரே வாடகை, எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். இரண்டு வண்டி இருந்தால் சுவரை இடித்தும் பயனில்லை.

இவ்வளவும் செய்துவிட்டுச் சுவரைத் தொட்டால் அது வெறும் செங்கல். இதில் எதையும் செய்யாமல் சுவரை மட்டும் இடித்தால் பத்திரிகையில் போட்டோ வரும், அதோடு சரி. மேலப்புதூரை வைத்து என்னை மடக்கப் பார்த்தீர்கள். அங்கே தவறியது மனமாற்றம் அல்ல, நிர்வாகம்.

செபமாலை_தாசன்:
பார்த்தீர்களா, உங்கள் வாயாலேயே கடப்பாரை போதாது என்று வந்துவிட்டது!

பத்தி_மூன்று:
கடப்பாரை போதாது என்றேன். செபம் போதும் என்று எங்கே சொன்னேன்?

மகதலா:
இவ்வளவு தூரம் போக வேண்டாம். பெரிய வியாழன் பாதம் கழுவ 12 பேரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பங்குப் பேரவைச் செயலர் பழைய லிஸ்டையே நகல் எடுக்கிறார். வத்திக்கானின் 2016 ஜனவரி ஆணை பெண்களையும் சேர்க்கலாம், இறைமக்களின் எல்லாப் பிரிவும் அந்தக் குழுவில் தெரிய வேண்டும் என்கிறது. அன்பியத்துக்கு, அதாவது பங்கின் ஒவ்வொரு தெருக் குழுவுக்கும், ஒருவர் என்று குலுக்கல் போட்டால் காலனி அன்பியமும் வந்துவிடும், பெண்ணும் வருவாள். செலவு ஒரு பேப்பர், ஒரு டப்பா. செபமும் உண்டு, நீதியும் உண்டு. ஏன் நடப்பதில்லை என்றால் குலுக்கலில் யார் வருவார் என்று முன்கூட்டியே தெரியாது, அதுதான் பயம்.

பனங்காட்டான்:
நல்ல யோசனை. ஆனால் இழைத் தலைப்பு வடக்கன்குளம்.

செபமாலை_தாசன்:
பாதம் கழுவுவதையும் இட ஒதுக்கீடு ஆக்கியாயிற்று. இனி நற்கருணைக்கும் ரோஸ்டர் போடுவீர்களா சகோதரி?

பத்தி_மூன்று:
இட ஒதுக்கீடு என்ற சொல்லை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி இந்துக்களுக்கு மட்டுமே அட்டவணைச் சாதி என்றது. 1956ல் சீக்கியர், 1990ல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. சென்னையில் செருப்புத் தைக்கும் சூசை என்பவர், தெருவோரத் தொழிலாளிக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மதத்தால் மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் போனார். 1985ல் தோற்றார். காரணம் என்ன? மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்றார்கள்.

அந்த ஆதாரம் யாரிடம் இருக்கிறது? பங்கு அலுவலகப் பீரோவில். இரண்டு அடக்கப் பதிவேடு, தேர் போகிற தெருக்களின் பட்டியல், திருவிழா வரி நோட்டில் யார் பெயர் இருக்கிறது, யாரிடம் வரியே வாங்குவதில்லை. "நம்மில் சாதி இல்லை, செபித்தால் போதும்" என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு தவக்காலச் சிந்தனையும் அந்தப் பீரோவுக்குப் பூட்டு.

ஈரோட்டுக்_கண்ணாடி:
அப்போ மதம் மாறி என்ன கிடைத்தது? பிசி சான்றிதழ்.

பத்தி_மூன்று:
ஆமாம், தமிழ்நாட்டில் மதம் மாறிய அட்டவணைச் சாதியார் பிற்பட்டோர் பட்டியலில். 2007ல் கிறிஸ்தவருக்குத் தனியாக 3.5 சதவீதம் கொடுத்தார்கள். அதில் பொதுப் பட்டியலை விடக் குறைவாகக் கிடைக்கிறது என்று 2008ல் திருச்சபைகளே திருப்பிக் கொடுத்தன. இப்போது காலனிப் பையன் நிலபுலன் உள்ள பிசியோடு போட்டி போட வேண்டும். இதையும் மனமாற்றத்தால் சரிசெய்யலாமா?

இன்னொரு நடைமுறைத் தவறு, தெரிந்துகொள்ளுங்கள். கல்லறையில் தடுத்தால் எல்லோரும் அட்டவணைச் சாதி, பழங்குடியினருக்கான 1989 வன்கொடுமைச் சட்டத்தில் மனு எழுதுகிறார்கள். ஞானஸ்நானச் சான்றைக் காட்டி அங்கேயே அடிபட்டுப்போகிறது. 2025ல் ஆந்திர உயர் நீதிமன்றமும் மதம் மாறியவருக்கு அது கிடையாது என்றுவிட்டது. எழுத வேண்டியது 1955 குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம். 3ஆம் பிரிவு வழிபாட்டிடம், 4ஆம் பிரிவில் இடுகாடு. "எந்த நபரையும்" தடுத்தால் என்றுதான் வாசகம், சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை. ஆனால் 12ஆம் பிரிவின் சலுகை, அதாவது தீண்டாமைதான் காரணம் என்று நீதிமன்றமே அனுமானிப்பது, அட்டவணைச் சாதியாருக்கு மட்டும். கிறிஸ்தவர் தானே நிரூபிக்க வேண்டும். அதற்கும் அதே பீரோதான்.

செபமாலை_தாசன்:
சட்டம் நிறையத் தெரிகிறது அண்ணே. கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. கௌசானல் சாமி செபிக்காமல் சுவரை இடித்தாரா? ஆமா, இல்லையா?

பத்தி_மூன்று:
காலையில் பூசை வைக்காத இயேசு சபைக் குரு யார்? சுவரைக் கட்டியவர்களும் பூசை வைத்துவிட்டுத்தான் கட்டினார்கள். எசாயா 58ஐ எடுங்கள், நோன்பு எதற்கு என்று அங்கே இருக்கிறது. நுகத்தின் பிணையலை அவிழ்க்க. நோன்பிருந்தால் நுகம் தானாக அவிழும் என்று இல்லை.

செபமாலை_தாசன்:
ஆக செபித்தார். நன்றி. நான் சொன்னதும் அதுதான்.

பத்தி_மூன்று:
நீங்கள் சொன்னது 'செபத்தால் விழுந்தது'. மேலே போய்ப் படியுங்கள்.

எழுப்புதல்_தீ:
மணமகள் விளம்பரம் பற்றி மகதலா சிஸ்டர் சொன்னதற்கு ஆதாரம் வேண்டும். எந்தப் பேப்பர், எந்தத் தேதி?

மகதலா:
எந்த ஞாயிறும்.

மட்டுறுத்துனர்:
சாதிப் பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன. தலைப்போடு நில்லுங்கள்.

பனங்காட்டான்:
நீக்கியதில் ஒன்று என்னுடையது. அதில் திட்டே இல்லை, கமுதி வழக்கின் விவரம்தான் இருந்தது. பத்தி_மூன்று பக்கம் பக்கமாகக் கல்லறை எழுதலாம், நான் எழுதினால் தலைப்பு மீறல். யார் புகார் செய்தது என்று தெரியும்.

பத்தி_மூன்று:
நான் செய்யவில்லை. செய்திருந்தால் தேதியோடு சொல்லியிருப்பேன்.