புதுப்பிப்பு: நாகமலைத் தோட்டத்தில் மீனுவும் தையல்சிட்டும்

ஆடியில் விதைத்த கத்தரி, வெண்டைப் பாத்திகளை எங்கள் பூனை மீனு கிளறி மலம் கழிப்பதையும், தரையில் இரை பொறுக்கும் தவிட்டுக்குருவிகளைத் துரத்துவதையும் எழுதி யோசனை கேட்டிருந்தேன். நாகமலைப் புதுக்கோட்டையில் உள்ள அந்தத் தோட்டத்தின் இன்றைய நிலை இது.

உதிரியான காய்ந்த மண்ணையே பூனை நாடும் என்பதால், பாத்திகளை ஈரமாக வைத்து, காய்ந்த தென்னை மட்டைகளைக் குறுக்கே பரப்பினேன். வேலியோரம் கொட்டிய மணலுக்கு மீனு சில நாட்களிலேயே பழகிவிட்டது. பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது. வெளியேறிய பின் அது தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகும். மருமகள் பிள்ளைத்தாச்சி என்பதால், கையுறை அணிந்து நானே தினமும் அள்ளிவிடுகிறேன். எருக்குழியில் சேர்ப்பதே இல்லை.

விடியலிலும் அந்தியிலும் மீனுவை வீட்டுக்குள் அடைக்கத் தொடங்கியபின் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் திரும்பி, சருகைப் புரட்டிப் பூச்சி தின்கின்றன. கத்தரிச் செடியொன்றில் இரண்டு இலைகளின் விளிம்பைப் பஞ்சிழையால் தைத்து, தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் பஞ்சு சிறு திரியாகப் பிதுங்கி நிற்கிறது. அச்செடியைச் சுற்றிக் கருவேல முள் அடைத்திருக்கிறேன். குஞ்சுகள் பறக்கும்வரை அதில் காய் பறிக்க மாட்டோம்.

ஓணான்களை மட்டும் இன்னும் காப்பாற்ற முடியவில்லை. அவை நடமாடும் உச்சி வெயிலில் மீனுவும் வெளியே இருக்கிறது.