குன்னூர் பழைய செங்கல் சுவருக்கு எந்தச் சாந்து பொருந்தும்?

கேள்வி – குன்னூர்வாசி

வணக்கம். எங்கள் தாத்தா காலத்து வீட்டின் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டவை. காரை உதிர்ந்ததால், ஐந்தாண்டுகளுக்கு முன் வெளிப்புற இணைப்புகளைச் சுரண்டி, 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு எம்-சாண்ட் கலந்து அடைத்தோம். கெட்டியான கலவை நீண்ட காலம் நிற்கும் என்று நம்பினோம். இப்போது சிமெண்டு அப்படியே இருக்க, அதை ஒட்டிய செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் உட்சுவரில் ஓதம் ஏறி உப்பும் பூக்கிறது. எங்கே தவறினோம்?

மறுமொழி – கட்டடப் பொறியாளர், கோத்தகிரி

ஐயா, சாந்தின் வலிமை வேறு, சுவரின் ஆயுள் வேறு. சிமெண்டு நீருடன் வினைபுரிந்து இறுகும். இறுகியபின் அடர்த்தியாகி, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாகிறது. நுண்துளைகள் மிகுந்திருப்பதால் சுவருக்குள் புகுந்த நீர் அதன் வழியாகவே ஆவியாகிவிடும். உங்கள் சுவரில் அந்த வழி அடைபட்டதால், ஈரம் மென்மையான செங்கல்லின் வழியே வெளியேற முயல்கிறது. உடன் வரும் உப்பு மேற்பரப்புக்குச் சற்று உள்ளேயே படிகமாகி, கல்லின் முகத்தைத் தள்ளிப் பெயர்க்கிறது. இணைப்புச் சாந்து எப்போதும் செங்கல்லைவிடச் சற்று மென்மையாகவே இருக்க வேண்டும், ஏனெனில் சாந்து தேய்ந்தால் மறுபடி அடைக்கலாம், செங்கல் போனால் சுவரே போயிற்று.

1 பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் போதும். மழை நேரே அடிக்கும் பக்கத்துக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 1 பங்கு நன்கு சுட்ட செங்கல்லின் தூள், 2 பங்கு மணல் எனக் கலக்கலாம். செங்கல்தூள் சுண்ணாம்புடன் வினைபுரிவதால் ஈரத்திலும் இறுகும்.

மறுமொழி – ஓய்வு பெற்ற மேஸ்திரி

பொறியாளர் சொன்னதை ஏற்கிறேன். மணலைப் பற்றிச் சிறிது சேர்க்க விரும்புகிறேன். மலையில் மூடுபனியால் மணல் எப்போதும் ஈரமாகவே கிடக்கும். ஈர மணல் உப்பி, கால் பங்கு வரை கூடுதலாகத் தெரியும். அதைச் சட்டியால் அளந்தால் மணல் குறைந்து சிமெண்டு மிகுந்துவிடும். அப்படிப்பட்ட கலவை காயும்போது சுருங்கி, மயிரிழை வெடிப்பு விடும். ஆகவே அளப்பதற்கு முன் மணலை உலர்த்துங்கள்.

மணலில் வண்டல் இருந்தால் சாந்து ஒட்டாது. கண்ணாடிக் குவளையில் மணலும் உப்புநீரும் இட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் வண்டல் நூற்றுக்கு 8 பங்கைத் தாண்டினால் கழுவியே பயன்படுத்த வேண்டும். கடுக்காய் நீரும் வெல்லமும் சுண்ணாம்புக் காரைக்குச் சேர்ப்பது நம் வழக்கம். சிமெண்டில் வெல்லம் கலந்தால் அது இறுகுவதே தடைப்படும்.

கேள்வி – குன்னூர்வாசி

மிக்க நன்றி. பழைய சிமெண்டை எப்போது எடுக்கலாம்?

மறுமொழி – கட்டடப் பொறியாளர், கோத்தகிரி

பிப்ரவரி இறுதியில் தொடங்குங்கள். மழையில் பச்சைச் சுண்ணாம்பு கரையும். உறைபனி இறுகாத சாந்தை வெடிக்கச் செய்யும். இயந்திர அறுப்பான் வேண்டாம், கையுளியே போதும், செங்கல்லின் ஓரம் உடையாமல் இருப்பதுதான் முக்கியம். அடைத்தபின் ஈரச் சாக்கால் ஒரு வாரமாவது மூடி, வெயிலும் காற்றும் நேரே படாமல் காத்துக்கொள்ளுங்கள்.