‘கட்டபெட்டு வீடு’ குழுவில் ஒரு செவ்வாய் இரவு

(சரோஜா, கோத்தகிரி பக்கம் கட்டபெட்டில் தனியாக இருக்கும் தையல்காரர்; விழுந்து, இடுப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பிரபு அவர் மகன், ரேகா மருமகள். ராஜு அண்ணன், செல்வம் தம்பி, வசந்தி தம்பி மனைவி. கவிதாவும் குமாரும் ராஜுவின் பிள்ளைகள்; கவிதா நர்ஸ்.)

பிரபு: கவிதா, அம்மாவைப் பார்த்தாயா? மதியத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை

கவிதா: பார்த்தேன். இப்போதுதான் மேட்டுப்பாளையம் வந்து இறங்கினேன். கோத்தகிரி ரோடு முழுக்க மூடுபனி, பஸ் ஊர்ந்துகொண்டே வந்தது. சாப்பிட்டுவிட்டு விவரமாக எழுதுகிறேன்

குமார்: விவரமாகவா

குமார்: எல்லோரும் தலையணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

ராஜு: [படம்: இனிய காலை வணக்கம்]

குமார்: அப்பா, ராத்திரி எட்டு மணி

ராஜு: காலையில் அனுப்பியது. இப்போதுதான் போயிருக்கிறது

வசந்தி: வர்க்கி வாங்கினாயா கவிதா

சரோஜா: நான் நன்றாகத்தான் இருக்கிறேன். என்னையே கேட்கலாம்

பிரபு: உன்னைக் கேட்டால் எப்போதும் நன்றாகத்தான் இருப்பாய் அம்மா. விழுந்த அன்றைக்கும் இதையேதான் சொன்னாய்

கவிதா: தொடை எலும்பு முறிந்து, படியிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் அத்தை

சரோஜா: மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்

கவிதா: சரி, எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. தையல் பிரித்த இடம் காய்ந்துவிட்டது. சிவப்பு இல்லை, கசிவு இல்லை, காய்ச்சல் இல்லை. குதிகால், இடுப்புக்குப் பின்பக்கம் இரண்டையும் பார்த்தேன், படுக்கைப் புண்ணுக்கான அறிகுறி எதுவும் இல்லை. வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். உட்கார்ந்தால் 2, நடந்தால் 5 என்றார்கள். முகத்தைப் பார்த்தால் 7. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கட்டிலில் இருந்து எழுவது எல்லாவற்றையும் செய்துகாட்டச் சொன்னேன். வாயால் கேட்டு எழுதுவதில் பயனில்லை, அத்தை எல்லாவற்றுக்கும் ‘முடியும்’ என்பார்கள். அப்புறம் ஒரு நடைச் சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடிக்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று கணக்கு. அத்தைக்கு வாக்கரோடு 34 நொடி. ஆபரேஷன் ஆன புதிதில் அப்படித்தான் இருக்கும். நான் கவனித்தது திரும்புகிற இடத்தை. வாக்கரை அப்படியே தூக்கித் திருப்புகிறார்கள், கால் அதற்கப்புறம்தான் வருகிறது. அந்த நேரத்தில் பிடிமானம் எதுவும் இல்லை

செல்வம்: 34 பாஸா ஃபெயிலா

சரோஜா: 3 மீட்டர் அளந்தது என் டேப்பில். அவள் கோடு போட்டது கூடுதல். நான்தான் திருத்தினேன்

குமார்: டெய்லரிடம் போய் அளவெடுத்தால் அப்படித்தான் அக்கா

ராஜு: அன்றைக்கே புத்தூர் கட்டு போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது

கவிதா: அப்பா, உள்ளே உலோக மூட்டு வைத்தாகிவிட்டது. இனி எதன்மேல் கட்டுவார்கள்

ராஜு: பிரண்டைத் துவையல் சாப்பிடலாம் இல்லையா

கவிதா: தாராளமாக

வசந்தி: நான் போன வாரம் வந்தபோது காலுக்கு நீலகிரித் தைலம் நன்றாகத் தேய்த்துவிட்டேன். அண்ணிக்கு ரொம்ப இதமாக இருந்ததாம்

கவிதா: சித்தி, தப்பாக நினைக்காதீர்கள். கெண்டைக்காலை இனி யாரும் அமுக்கித் தேய்க்க வேண்டாம். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு கெண்டைக்கால் இன்னொன்றைவிட 3 செ.மீ. பருத்திருந்தால், அல்லது புதிதாக வலி, சூடு இருந்தால் தைலம் தேடக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யாரையும் கேட்காமல் 108. இன்றைக்கு அளந்ததில் ஆபரேஷன் ஆன கால் முக்கால் இஞ்ச் அதிகம், அதாவது 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கொஞ்சம் வீக்கம் இருக்கத்தான் செய்யும், அதனால் பயமில்லை. ஆனால் தினமும் காலையில் அதே இடத்தில் அளந்து இங்கே போடச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை அட்டையில் நிறைய மீதி இருக்கிறது

பிரபு: அம்மா?

சரோஜா: ஈறில் ரத்தம் வந்தது. நிறுத்தினேன்

கவிதா: டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்தக்கூடாது அத்தை. போனில் பேசிவிட்டேன், நாளைக்குக் காலையில் ரத்தம் எடுக்க ஆள் வரும். அதற்குள் நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்

வசந்தி: நல்லது செய்யப் போனால் இப்படித்தான். இனி நான் அங்கே வரவில்லை

சரோஜா: வசந்தி, உன் கை நல்ல கைதான். தோளுக்குத் தேய்த்துவிடு, வாக்கர் பிடித்துத் தோள் போகிறது

வசந்தி: பார்க்கலாம் அண்ணி

ரேகா: கவிதா, வாக்கரில் தொங்குகிற பை அழகாக இருக்கிறது. எங்கே வாங்கியது?

கவிதா: அத்தை தைத்தது. இரண்டு கையும் வாக்கரில் இருந்தால் போன், கண்ணாடி, பிளாஸ்க் எதில் எடுத்துப்போவது என்று கேட்டேன். நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் வெட்டியாகிவிட்டது. மூன்று அறை, போனுக்குத் தனி மூடி, மூடிக்கு பிளவுஸ் கொக்கி

ரேகா: அந்தத் துணியை எங்கேயோ பார்த்திருக்கிறேனே

ரேகா: அத்தை, அது தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த என் பிளவுஸ் துணி!!

சரோஜா: வேறு எடுத்துத் தருகிறேன். இது நல்ல கெட்டித் துணி

குமார்: 😂😂😂

செல்வம்: அக்காவுக்கு நினைவு தடுமாறுகிறதா என்று பார்த்தாயா கவிதா? ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னை ‘அப்பா’ என்று கூப்பிட்டது

கவிதா: வயதானவர்களுக்கு ஆபரேஷன் ஆனதும் சில நாள் அப்படிக் குழப்பம் வருவது உண்டு சித்தப்பா. இப்போது இல்லை. மூன்று சொல் சொல்லிவைத்து அப்புறம் கேட்டேன், மூன்றும் வந்தது. கடிகாரம் வரையச் சொன்னேன், முள் எல்லாம் சரி

சரோஜா: சுவர்க்கடிகாரம்தான் நின்றுபோயிருக்கிறது. பேட்டரி வாங்கி வருகிறேன் என்றவன் இன்னும் வருகிறான்

பிரபு: 🙏

கவிதா: இனிமேல்தான் முக்கியமான விஷயம். குமார், நடுவில் பேசாதே

குமார்: நான் ஒன்றுமே சொல்லவில்லையே

கவிதா: படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்து பிரஷர் பார்த்தேன், 138/82. நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் 112/70. மேல் கணக்கு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும், இங்கே 26. காலையில் எழுந்ததும் கண்ணைக் கட்டுகிறது என்று அத்தை சொன்னது இதுதான். பிரஷர் மாத்திரையா, ரத்தம் குறைவா என்று டாக்டர் பார்ப்பார். ஆனால் தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, மதியம் டீயோடு சரி என்றார்கள். ஏன் என்றால், சாயங்காலத்துக்கு மேல் பாத்ரூம் போக முடியாதாம். பாத்ரூம் வெளியே, பின்கட்டில். லைட்தான் போட்டிருக்கிறதே என்றேன். ஆறு மணிக்கு மேல் அங்கே காட்டுமாடு வந்து நிற்கிறதாம்

செல்வம்: காட்டுமாடா

சரோஜா: மூன்று. அதில் ஒன்று கன்று. முட்டைக்கோஸ் பாத்தி காலி

குமார்: ஆக, காட்டுமாட்டால் அத்தைக்கு பிரஷர் இறங்குகிறது

ரேகா: சாரி அத்தை, சிரித்துவிட்டேன்

கவிதா: சிரிக்க வேண்டாம், அப்படித்தான் ஆகியிருக்கிறது. பயந்து தண்ணீரைக் குறைக்கிறார்கள், அதனால் தலை சுற்றுகிறது, தலை சுற்றினால் மறுபடியும் விழுவார்கள். காலுக்கு ஆபரேஷன் செய்தாகிவிட்டது, இப்போது ஆபத்து அந்தப் பின்வாசலில் இருக்கிறது

குமார்: [வீடியோ: பேக்கரி கதவைத் திறக்கும் கரடி]

ராஜு: எங்கே இது, கோத்தகிரியா?

குமார்: குன்னூர் என்று போட்டிருக்கிறது

ராஜு: போன வருஷமே வந்த வீடியோ. நான்தான் முதலில் அனுப்பினேன்

வசந்தி: நம் வீட்டுப் பக்கம் கரடி வருமா அண்ணி?

சரோஜா: பலாப்பழ சீசனில் வரும்

கவிதா: கொஞ்சம் விஷயத்துக்கு வரலாமா

பிரபு: உள்ளேயே ஒரு பாத்ரூம் கட்டலாம் என்று அம்மா அங்கே குடிபோன வருஷமே சொன்னேன். பணமும் நான் தருகிறேன் என்றேன். யார் தடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும்

செல்வம்: யாரும் தடுக்கவில்லை. பட்டா இன்னும் எங்கள் அப்பா பெயரில்தான் இருக்கிறது. ஒருத்தர் கட்ட ஆரம்பித்தால் நாளைக்கு அந்தப் பக்கம் யாருக்கு என்று பேச்சு வரும். பாகம் பிரித்துவிட்டுக் கட்டலாம் என்றுதான் சொன்னேன்

பிரபு: கக்கூசுக்குமா பாகம், மாமா?

வசந்தி: வார்த்தையை அளந்து பேசு பிரபு. ஆஸ்பத்திரியில் ராத்திரி கண்விழித்தது யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்

பிரபு: நான் இல்லை என்று சொல்லவில்லையே அத்தை

ராஜு: [படம்: பொறுத்தார் பூமி ஆள்வார்]

செல்வம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமார்: சித்தப்பா, படித்துவிட்டேன்

செல்வம்: சும்மா விளையாட்டுக்கு. அன்றைக்கே பிரபுவுக்குக் கவிதாவைக் கட்டிவைத்திருந்தால் அக்காவுக்கு வீட்டோடு நர்ஸ் கிடைத்திருக்கும் என்றேன், வேறொன்றுமில்லை

ரேகா: மாமா, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்

கவிதா: ஜாதகம் பொருந்தவில்லை என்று முதலில் சொன்னதே நீங்கள்தான் சித்தப்பா. இப்போது கேளுங்கள். பாத்ரூம் எப்போது வேண்டுமானாலும் கட்டுங்கள், அத்தைக்கு இன்று ராத்திரியே வழி வேண்டும். கட்டில் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி போதும். உலோக மூட்டு வைத்த பிறகு குத்துக்காலிடக்கூடாது, இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக்கூடாது, டாக்டர் சரி என்று சொல்லும்வரை. பின்கட்டில் இருப்பது பழைய மாதிரிக் கக்கூஸ். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஓட்டை போட்டுவைத்து உட்காருகிறார்கள், அது ஆடுகிறது

சரோஜா: ஆடாது. நான் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறேன்

பிரபு: அம்மா!

சரோஜா: படுக்கிற அறையில் அதை வைக்க மாட்டேன். சாமி படம் இருக்கிறது

ராஜு: அதுவும் சரிதான்

கவிதா: அப்பா!!

ரேகா: சாமி படத்தைக் கூடத்துக்கு மாற்றலாமே அத்தை

சரோஜா: கூடத்தில் மெஷின் இருக்கிறது

கவிதா: அந்த மெஷின் ஸ்டூலும் தாழ்வு, அதில் உட்காரக்கூடாது. கட்டில் உயரம் முழங்காலுக்கு மேல் இருக்கிறது, அது சரி. அப்புறம் கணப்புச் சட்டியை லீலா அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்

சரோஜா: அதைச் சொல்லு எல்லோருக்கும். கேட்காமல் எடுத்துப்போய்விட்டாள். ஐப்பசிக் குளிரில் நான் என்ன செய்வது

கவிதா: ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, துணியால் சந்து அடைத்து, உள்ளே கரி போட்டுத் தூங்குகிறார்கள். கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. முதலில் தலைவலி, தலைசுற்றல், அப்புறம் மயக்கம். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தனியாக இருப்பவர்களை எழுப்ப ஆளும் இல்லை. இரண்டு வெந்நீர்ப் பை, ஒரு கம்பளி கூடுதலாக வைத்திருக்கிறேன். பையைத் துணி சுற்றிப் பிடியுங்கள், காலில் நேராக வைக்காதீர்கள் அத்தை

வசந்தி: இதில் கவிதா சொல்வது சரி. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஊட்டிக்குப் போனபோது லாட்ஜில் இதையேதான் சொல்லி அனுப்பினார்களாம்

பிரபு: பேசாமல் அம்மா மூன்று மாதம் இங்கே சென்னைக்கு வரட்டும்

சரோஜா: மூன்றாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது

செல்வம்: திருப்பூருக்கு வரட்டும். கீழ் வீடு

சரோஜா: வந்தால் இந்த வீட்டைப் பூட்டுவீர்கள். பூட்டினால் விற்பீர்கள்

(இருபது நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை.)

ராஜு: சரோஜா, யாரும் விற்கவில்லை. நான் இருக்கிறேன்

சரோஜா: சரி அண்ணா

கவிதா: இப்போதைக்கு எங்கேயும் போக வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். புது இடத்தில் ராத்திரி எழுந்தால் விழுவார்கள். ஆனால் நான் சொன்னதெல்லாம் நடந்தால்தான் தனியாக விட முடியும். நடக்கவில்லை என்றால் நானே சிபாரிசு செய்ய மாட்டேன். ராத்திரிக்கு லீலா அக்கா பெண் ஒரு வாரம் வந்து படுத்துக்கொள்கிறேன் என்றாள், அதற்கப்புறம் யார்? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பார்கள், 2021 முதல் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். யார் போவது?

குமார்: நான் வெள்ளிக்கிழமை போகிறேன். கமோடு நாற்காலியும் கோயம்புத்தூரிலிருந்து நானே எடுத்துவருகிறேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வருவதை யாரும் போட்டோ எடுக்கக்கூடாது

கவிதா: வெள்ளிக்கிழமை வரைக்கும்?

சரோஜா: பேசின் இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன். விடுங்கள்

கவிதா: ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற படி முழுக்கப் பாசி. ஒரு கைப்பிடியும் கிடையாது. 108 வந்தாலும் மேலேதான் நிற்கும், நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும்

செல்வம்: பைப் என்னிடம் மீதி கிடக்கிறது. வெல்டரை நான் அனுப்புகிறேன்

குமார்: கைப்பிடி எந்தப் பாகத்தில் வரும் சித்தப்பா?

வசந்தி: குமார்!

செல்வம்: அது பொதுப் படி

பிரபு: மாமா, அப்படியே பாத்ரூமுக்கும் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மேஸ்திரியைப் பார்க்கச் சொல்லலாம். எழுத்தில் வேண்டுமானாலும் தருகிறேன், பாகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று

பிரபு: மாமா?

செல்வம்: இங்கே டவர் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசலாம்

குமார்: திருப்பூரிலா டவர் இல்லை

வசந்தி: அவர் படுத்துவிட்டார். ஞாயிறு எல்லோரும் வருகிறோமா? எத்தனை பேர்?

சரோஜா: சொல்லிவிட்டு வாருங்கள். அரிசி ஊறப்போட வேண்டும்

கவிதா: அத்தை, நீங்கள் நின்று சமைக்கக்கூடாது. சாப்பாடு நாங்கள் கொண்டுவருகிறோம். சாப்பிட்டாயிற்றா? தண்ணீர்?

சரோஜா: ஒரு டம்ளர்

கவிதா: முழுதாகவா

சரோஜா: முக்கால்

ராஜு: [படம்: இனிய இரவு வணக்கம்]