நீண்ட சவாரிக்கு ஸோன் பிரிக்க: பவர் மீட்டரா, ஆல்ஃபா 1-ஆ?

நெடுந்தூரன்:
நீண்ட சவாரிகளுக்கு எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட்) சதவீதத்தை வைத்து ஸோன், அதாவது தீவிரத்தின் படிநிலைகள், பிரிப்பதை விட்டுவிட்டேன். இப்போது இதயத் துடிப்பு மாறுபாட்டைப் பார்த்துத்தான் மிதிக்கிறேன், குறிப்பாக டிஎஃப்ஏ ஆல்ஃபா 1 என்ற எண்ணை. ஸோன் 2-இல், அதாவது நெடுநேரம் தாங்கும் லேசான தீவிரத்தில், நேரம் சேர்க்க நினைக்கும் எல்லோருக்கும் இதுதான் சரியான வழி என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒவ்வொரு இடைவெளியும் அச்சடித்தது போல 1000 மில்லிவினாடி இருக்காது. 960, 1030, 990 என்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறதா, முந்தைய இடைவெளிகளின் சாயல் பிந்தையவற்றில் தெரிகிறதா என்று 4 முதல் 16 துடிப்பு வரையிலான துண்டுகளில் பார்ப்பதுதான் ஆல்ஃபா 1. நிதானமாக மிதிக்கும்போது 1 அல்லது அதற்கு மேல் நிற்கும். தீவிரம் கூடக் கூட இறங்கும். 0.75 வரும் இடத்தில் ஏரோபிக் த்ரெஷோல்ட் (லேசான உழைப்பு முடியும் எல்லை), 0.5 வரும் இடத்தில் இரண்டாவது த்ரெஷோல்ட் (அதற்கு மேல் நெடுநேரம் தாங்க முடியாத எல்லை). விரலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டாம், முகமூடி மாட்டி மூச்சை அளக்க வேண்டாம். செஸ்ட் ஸ்ட்ராப்பும் (துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை) ஒரு செயலியும் போதும்.

எதிர்காற்று:
கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை. "போதும்" என்பது பெரிய வார்த்தை.

0.75 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1.0 என்பது ஒழுங்குள்ள நிலை, 0.5 என்பது தொடர்பற்ற தற்செயல் நிலை. இரண்டுக்கும் நட்டநடுவே 0.75. அதை எடுத்துவைத்துக்கொண்டு, ட்ரெட்மில்லில் ஓடிய ஒரு சிறு குழுவின் மூச்சுப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். சராசரி நன்றாக ஒத்துப்போனது, அதை மறுக்கவில்லை. ஆனால் சராசரி ஒத்துப்போவது வேறு, உங்களுக்கும் எனக்கும் தனித்தனியாக ஒத்துப்போவது வேறு. ஒருவருக்கு 10 துடிப்பு மேலே, இன்னொருவருக்கு 10 துடிப்பு கீழே என்று விலகினாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும். பயிற்சி செய்யப்போவது சராசரி இல்லையே, ஒரு தனி மனிதர்தானே.

பவர் மீட்டர் காட்டும் வாட் அப்படி இல்லை. பெடலில் விழும் விசையையும் சுழலும் வேகத்தையும் நேரடியாக அளக்கிறது. இன்றைக்கு 180 என்றால் அடுத்த மாதமும் அது அதே 180.

நெடுந்தூரன்:
அதே 180 என்பதுதான் பிரச்சினையே. வாட் நீங்கள் சைக்கிளுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. அதற்கு உடம்பு என்ன விலை கொடுத்தது என்று சொல்லாது. வெயில் ஏறியிருக்கும், முந்தைய இரவு தூக்கம் கெட்டிருக்கும், சவாரியின் நான்காவது மணி நேரமாக இருக்கும். எண் மாறாது, விலை மாறும்.

எஃப்டிபி விஷயத்துக்கு வருவோம். 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, அந்தச் சராசரியில் 95 சதவீதம் எடுக்கிறோம். அது மேல் எல்லையைப் பற்றிய ஒரு மதிப்பீடு. அதிலிருந்து கீழ் எல்லையைச் சதவீதம் போட்டு ஊகிக்கிறோம். வழக்கமான பட்டியலில் ஸோன் 2 என்பது எஃப்டிபியில் 56 முதல் 75 சதவீதம். எஃப்டிபி 250 வாட் என்றால் 140 முதல் 187 வரை. இவ்வளவு அகலமான பட்டையில் என் ஏரோபிக் த்ரெஷோல்ட் எங்கே இருக்கிறது? 150-இலா, 185-இலா? எஃப்டிபி ஒன்றாக இருக்கும் இரண்டு பேருக்கு அது வேறு வேறு இடத்தில் இருக்கலாம். தனி மனிதரைப் பற்றி நீங்கள் சொன்ன அதே வாதம் இங்கேயும் பொருந்தும்.

மலைமிதி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் கைக்கடிகாரம் தினமும் காலையில் ஹெச்ஆர்வி (இதயத் துடிப்பு மாறுபாடு) என்று ஓர் எண் காட்டுகிறது. நீங்கள் பேசுவது அதைத்தானா? அதையே மிதிக்கும்போதும் பார்த்தால் போதாதா?

நெடுந்தூரன்:
இல்லை தம்பி. காலையில் வருவது பெரும்பாலும் ஆர்எம்எஸ்எஸ்டி. அடுத்தடுத்த இரண்டு இடைவெளிகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதன் அளவு. ஓய்வில் வேகஸ் நரம்பு இதயத்தைப் பிடித்து மெதுவாக்கி வைத்திருக்கும், அந்தப் பிடி எவ்வளவு என்று அது காட்டும். அன்றைக்குக் கடினமான பயிற்சி செய்யலாமா, தள்ளிப்போடலாமா என்று முடிவெடுக்க உதவும். மிதிக்க ஆரம்பித்ததும் அந்தப் பிடி சீக்கிரமே விட்டுப்போகும். மிதமான வேகத்திலேயே ஆர்எம்எஸ்எஸ்டி சில மில்லிவினாடிக்கு இறங்கித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆல்ஃபா 1 வித்தியாசத்தின் அளவைப் பார்ப்பதில்லை, ஒழுங்கைப் பார்க்கிறது. அதனால்தான் அது இன்னும் மேலே வரைக்கும் பேசுகிறது.

துடிப்புத்தாள்:
இசிஜி எடுப்பது என் வேலை, சைக்கிள் என் விருப்பம். இரண்டு தரப்பும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கவனிக்காவிட்டால் மேலே நடந்த வாதத்துக்கே பொருள் இல்லை.

உள்ளே போகும் இடைவெளிகள் சுத்தமாக இருக்க வேண்டும். ஆரோக்கியமான இதயத்திலும் அவ்வப்போது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும், அதன் பின்னால் ஒரு நீண்ட இடைவெளி வரும். குறுகியது, நீண்டது என்று அடுத்தடுத்து இப்படி விழுந்தால் அது ஒழுங்கைக் கலைத்து ஆல்ஃபா 1-ஐக் கீழே இழுக்கும். நீங்கள் நிதானமாகத்தான் மிதித்துக்கொண்டிருப்பீர்கள், செயலி த்ரெஷோல்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று சொல்லும். செயலி அந்தத் துடிப்பை அழித்துவிட்டு இடத்தை ஊகத்தால் நிரப்பினால் எதிர்த் தவறு நடக்கலாம். நிரப்பிய பகுதி வழவழப்பாக இருப்பதால் எண் இருக்க வேண்டியதை விட மேலே நிற்கும். திருத்திய துடிப்புகள் 3 சதவீதத்துக்கு மேல் போன பகுதியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

மணிக்கட்டில் ஒளியால் அளக்கும் கடிகாரங்கள் இந்த வேலைக்கு ஆகாது. கைப்பிடி அதிர்வில் ரத்த ஓட்டத்தின் அலையில் துல்லியமான உச்சியைப் பிடிக்க முடியாது, பல கடிகாரங்கள் சராசரி போட்டுத்தான் காட்டும். மார்புப் பட்டை வேண்டும். மின்முனைகளை நனைத்து, இறுக்கமாகக் கட்ட வேண்டும். பட்டை உலர்ந்திருக்கும் முதல் சில நிமிடங்களில் வரும் எண்ணை நம்பாதீர்கள்.

அப்புறம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கற்றுத் துடிக்கும் நோய்) இருப்பவர்களுக்கு இந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. பீட்டா பிளாக்கர் (துடிப்பை மெதுவாக்கும் மருந்து) எடுப்பவர்கள் பொதுவான எல்லைகளைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

எதிர்காற்று:
துடிப்புத்தாள் சொன்னதற்கு நன்றி, என் கவலையை இது இன்னும் கூர்மையாக்குகிறது. பட்டை நனைந்திருக்கிறதா, திருத்தம் எவ்வளவு, எந்தச் செயலி எப்படி நிரப்புகிறது என்று இத்தனை நிபந்தனை. இதற்கு மேல் ஒரு நிபந்தனை இருக்கிறது: கணக்குக்குக் கிட்டத்தட்ட 2 நிமிடத் துடிப்புகள் தேவை. அப்படியென்றால் திரையில் தெரிவது கடந்த 2 நிமிடங்களின் கதை. மேடும் பள்ளமுமான சாலையில் அந்த 2 நிமிடத்துக்குள் நான் ஒரு மேட்டில் 260 வாட் மிதித்து, இறக்கத்தில் பெடலை நிறுத்தியிருப்பேன். அந்த எண் எந்த நிலையைச் சொல்கிறது? எதையும் இல்லை.

உடம்பு கொடுக்கும் விலையைத் தெரிந்துகொள்ளப் பழைய வழி இருக்கிறது. வாட்டை நிலையாக வைத்துக்கொண்டு நாடியைப் பாருங்கள். சவாரியின் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒப்பிட்டு, வாட்டுக்கும் நாடிக்கும் உள்ள விகிதம் 5 சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தால் அந்தத் தூரத்துக்கு அந்தத் தீவிரம் அதிகம். கூடவே பேச்சுச் சோதனை: முழு வாக்கியங்களாகப் பேச முடிகிறதா? முடிந்தால் ஏரோபிக் த்ரெஷோல்டுக்குக் கீழேதான் இருக்கிறீர்கள். எந்தச் செயலியும் வேண்டாம்.

நெடுந்தூரன்:
மேடு பள்ளம் பற்றிச் சொன்னது சரி. ஆல்ஃபா 1-க்குச் சமதளமோ இன்டோர் ட்ரெய்னரோ (வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி) தேவை, சாலையில் ஒவ்வொரு வினாடியும் அதைப் பார்த்து ஓட்டச் சொல்லவில்லை. ஆனால் வாட்டுக்கும் நாடிக்கும் உள்ள விகிதம் சரிவது முதல் பாதி முடிந்த பிறகுதான் தெரியும். பேச்சுச் சோதனை நல்லதுதான், ஆனால் தனியாக ஓட்டும்போது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது மிக எளிது. அவசரம் பிடித்தவர்கள் எல்லாமே "பேச முடிகிற" வேகம்தான் என்பார்கள்.

களைப்பு விஷயத்தில் ஆல்ஃபா 1 இன்னும் நேர்மையானது. சவாரி தொடங்கும்போது 160 வாட்டில் 1.0 இருந்தது, சில மணி நேரம் கழித்து அதே 160-இல் 0.7. நாடி 4, 5 துடிப்புதான் கூடியிருக்கும். நாடியை மட்டும் பார்த்தால் "பரவாயில்லை" என்று தொடர்ந்திருப்பேன்.

எதிர்காற்று:
இங்கேதான் நம் இருவருக்கும் உண்மையான பிளவு. அந்த 0.7 என்ன சொல்கிறது? உங்கள் த்ரெஷோல்ட் 160-க்குக் கீழே இறங்கிவிட்டது என்றா? அல்லது த்ரெஷோல்ட் அங்கேயே இருக்கிறது, நரம்பு மண்டலம் களைத்துவிட்டது என்றா? அந்த நேரத்தில் ரத்தத்தில் லாக்டேட் (உழைப்பு கூடும்போது சேரும் பொருள்) எவ்வளவு என்று அளந்தால் காலையில் இருந்த அளவே இருக்கக்கூடும். ஒரே எண் தீவிரத்துக்கும் இறங்குகிறது, களைப்புக்கும் இறங்குகிறது, வெயிலுக்கும் இறங்குகிறது என்றால் அதைத் தீவிரத்தின் அளவுகோல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இன்று ஏதோ அழுத்தம் இருக்கிறது" என்பதன் அறிகுறி என்று சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நெடுந்தூரன்:
காரணம் எதுவானாலும் நான் செய்ய வேண்டியது ஒன்றுதானே: வேகத்தைக் குறைப்பது. தீவிரம் என்பதே உடம்புக்குள் நடப்பது. வெளியே 160 என்று எழுதியிருப்பதால் உள்ளேயும் அது லேசாகிவிடாது.

எதிர்காற்று:
குறைத்தால் பயிற்சியும் குறையும். களைத்த பிறகும் அதே வாட்டில் தாக்குப்பிடிக்கப் பழகுவதுதான் சில நீண்ட சவாரிகளின் நோக்கமே. அந்த நாளில் உங்கள் எண் சொன்னபடி இறங்கினால் எதற்காகக் கிளம்பினோமோ அதையே விட்டுவிடுகிறோம்.

மலைமிதி:
எனக்குப் பவர் மீட்டர் இல்லை. மார்புப் பட்டையும் ஒரு இன்டோர் ட்ரெய்னரும் இருக்கின்றன, அது வாட்டை ஓரளவு காட்டும். நான் எங்கிருந்து தொடங்கட்டும்?

நெடுந்தூரன்:
நன்றாக ஓய்வெடுத்த ஒரு நாளில் 10, 15 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். அப்புறம் 6 நிமிடப் படிகள், ஒவ்வொரு படிக்கும் 20 வாட் ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் முதல் 2 நிமிடத்தை விட்டுவிட்டு மீதியின் ஆல்ஃபா 1-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். 0.75-க்குக் கீழே இறங்கும் படியின் நாடியைத் தெரிந்துகொண்டால், சாலையில் அந்த நாடியை வைத்தே ஓட்டலாம்.

எதிர்காற்று:
அதே சோதனையில் ஒவ்வொரு படியின் கடைசி நிமிடத்திலும் நான்கைந்து வாக்கியம் சத்தமாகப் படியுங்கள். மூச்சு முட்ட ஆரம்பிக்கும் படியையும் எழுதிவையுங்கள். ஆனால் பேச்சு மூச்சின் தாளத்தை மாற்றும், அந்த நிமிடத்தின் ஆல்ஃபா 1-ஐக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டும் ஒரே படியில் வந்தால் நெடுந்தூரன் சொல்வது உங்களுக்குப் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு படி தள்ளி வந்தால் மூச்சை நம்புங்கள். சில வாரம் கழித்து ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். எண் அதே இடத்தில் வருகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

துடிப்புத்தாள்:
முடிவைப் பகிரும்போது செயலியின் வரைபடத்தை மட்டும் போடாமல் ஆர்-ஆர் இடைவெளிக் கோப்பையும் (துடிப்புகளுக்கு இடையிலான நேரங்களின் பதிவு) போடுங்கள், திருத்தம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன். தீவிரம் கூடும்போது முந்தி வரும் துடிப்புகளும் கூடினாலோ, தலைசுற்றலோ நெஞ்சு வலியோ வந்தாலோ சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.