லயத்தில நெருப்பு, மலையில நெருப்பு: உங்க தோட்டத்துப் பிள்ளைகள் எப்படி நின்றார்கள்?

பீலிக்கரை:
எங்க தோட்டத்து ஆறாம் நம்பர் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிடித்த நெருப்பு என்றால் எல்லோரும் தீயணைப்பு வண்டியைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அணைத்தது நம்ம இளந்தாரிகள்.

பழைய லயங்கள் பலதில் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா (அறை), இடைச்சுவர் கூரையைத் தொடாது. அடுப்புக்கு மேல் பரணில் காய்கிற விறகில் பிடித்தால் தகரத்துக்குக் கீழாலேயே அடுத்த காம்பராவுக்குப் போய்விடும். இரண்டு காம்பரா தள்ளித் தகரத்தைக் கழற்றி, சட்டத்தை அறுத்து இடைவெளி விட வேண்டும். ஒட்டின காம்பராவில் கழற்றினால் காற்றுப் புகுந்து நெருப்பைத் தானாக இழுக்கும். அன்றைக்கு ஒரு பெரியவர் அதைத்தான் செய்யப் போனார். "அங்க இல்ல மாமா, ரெண்டு தள்ளி!" என்று கத்தியது பதுளைப் பக்கமிருந்து வந்து இங்கே பெண்ணெடுத்த பொடியன். வந்தான் வரத்தான் என்று அவனோடு முகம் கொடுத்துப் பேசாத மனுசன், ஒரு கணம் பார்த்துவிட்டுத் தோளைக் குனிந்து கொடுத்தார். "ஏறு மருமகனே."

மேட்டு டிவிசன்:
கதை சரி, வரிசை பிழை. தகரத்தில் கை வைக்க முன்னம் மெயின் சுவிட்ச். லயத்தில் ஒரு காம்பராவிலிருந்து மற்றதுக்கு இழுத்த வயர் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? ஈரத் தகரத்தில் கரண்ட் ஏறினால் அந்த மருமகன் தோளிலிருந்தே விழுந்திருப்பான்.

வாளி வரிசைக்கும் ஒரு கணக்கு உண்டு. முழுக்க நிரப்பினால் பாதி வழியில் சிந்தும், முக்கால் போதும். நிறை வாளி ஒரு வரிசை, வெறும் வாளி வேறு வரிசை. வெறும் வாளியைக் கொண்டு ஓடுவது சின்னப் பிள்ளைகள்தான், ஆனால் அவர்களை நெருப்புப் பக்கம் விடக்கூடாது. ஸ்டோரில் இருக்கிற, புல்லுக்கு மருந்தடிக்கிற 16 லீற்றர் டாங்கியும் உதவும். மூன்று முறை கழுவிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். புல் மருந்து மிச்சம் முகத்தில் தெறித்தால் கண் எரியும்.

ஊவாக்காரன்:
எங்களுக்கு லயத்தை விட மலைச்சரிவில் வளர்கிற மானாப்புல்தான் வில்லங்கம். ஆடி, ஆவணிக் காற்றில் நெருப்பு மேடு நோக்கிப் பாயும், மேலே நின்று மறிக்கவே கூடாது. எரிந்து கறுத்த பக்கத்தில் நின்றுகொண்டு, நெருப்பின் வாலிலிருந்து, அதாவது பின்பக்கத்திலிருந்து, இரண்டு ஓரமாக ஏறணும். பச்சைக் கொப்பை ஓங்கி அடித்தால் பொறி பறக்கும், அமுக்கி இழுக்கணும். யூரியா சாக்கு உருகித் தோலில் ஒட்டும், சணல் சாக்கை நனைத்து எடுங்க. இடுப்பில் கட்டுகிற பொலித்தீன் படங்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்க.

பெரிய வேலை பிறகுதான். யூக்கலிப்டஸ் கட்டை வேருக்குள் கனன்றுகொண்டே கிடக்கும். புறங்கையை மண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, சூடு தெரிகிற இடத்தை மம்பட்டியால் கிளறித் தண்ணீர் விடணும். விடிய விடியக் காவல். கீழ்க் கிராமத்துச் சிங்களப் பொடியன்களும் எங்க பிள்ளைகளும் சேர்ந்துதான் இருப்பார்கள். இஞ்சித் தேத்தண்ணி, ரொட்டி, கட்டச்சம்பல். இந்தப் பக்கம் 'அய்யே' (அண்ணா), அந்தப் பக்கம் 'மல்லி' (தம்பி). பகலில் தண்ணிக் குழாய்க்குச் சண்டை பிடிக்கிற அதே ஆட்கள்!

தேத்தண்ணிக்காரி:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சுட்ட கைக்குப் பற்பசை, தேங்காய் எண்ணெய் பூசுவதை நிறுத்துங்க. பீலியில், அதாவது ஊற்றுக் குழாயில், ஓடுகிற தண்ணீரில் 20 நிமிசம் பிடிக்கணும், ஐஸ் வேண்டாம். மோதிரம், காப்பு, வளையல் எல்லாவற்றையும் வீங்க முன்னம் கழற்றணும். ஒட்டின துணியைப் பிய்க்காதீங்க, சுற்றி வெட்டி விடுங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, அம்புலன்சுக்கு 1990க்கு அடியுங்க. நெருப்புக்கு, தீயணைப்பு வண்டிக்கு, 110. எந்த டிவிசன், எந்த லயம், வண்டி எதுவரை வரும் என்று முதலே சொல்லணும்; பாலத்துக்கு ஒரு ஆளை டோர்ச்சோடு அனுப்பணும். புகை குடித்தவன் "ஒண்ணுமில்ல" என்பான், நம்பாதீங்க. குரல் கம்மினால், மூக்குமயிர் கருகியிருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான். பெண்களை வெறும் தேத்தண்ணிக்கு மட்டும் கூப்பிடுகிற பழக்கத்தையும் விடுங்க, பீலியிலிருந்து வாளி வரிசையில் பாதி நாங்கள்தான்.

பீலிக்கரை:
மெயின் சுவிட்ச் விசயம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். பீலியில் நின்றதும் பெண்கள்தான். அந்த மருமகனைப் பற்றி இன்னொன்று: இந்த வருசக் கோயில் திருவிழா வரிப் பட்டியலில் அவன் பேரும் ஏறியிருக்கிறது. எழுதச் சொன்னது அந்தப் பெரியவர். மாமனார் பேருக்குக் கீழே இல்லை, தனி வரி.