1860 ஆர்மி ரெப்ளிகா: கேப் துண்டு மாட்டி சிலிண்டர் நின்றுவிடுகிறது

கேள்வி:
இத்தாலியில் செய்த, கோல்ட் 1860 ஆர்மி கருமருந்து ரிவால்வரின் .44 காலிபர் ரெப்ளிகா (நகல்), 25 மீட்டர் போட்டிக்கு. 30 நிமிடத்தில் 13 குண்டு சுட வேண்டும். வெடித்த கேப் (ஒவ்வொரு அறையின் பின்னாலும் மாட்டும், அடித்தால் மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செம்பு மூடி) ஹேமர், அதாவது அடிக்கும் சுத்தி, இறங்கும் பள்ளத்தில் விழுந்து சிலிண்டரைப் பூட்டிவிடுகிறது. சில கேப்கள் இரண்டாவது அடிக்குத்தான் வெடிக்கின்றன. டிரிக்கர் லேசாக வேண்டுமென்று ஹேமரை இயக்கும் மெயின் ஸ்பிரிங்கை மெலிதாக்கியிருக்கிறது. எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

பதில்:
மெயின் ஸ்பிரிங்கைப் பழையபடி மாற்றுங்கள். கேப் வெடிக்கும்போது நிப்பிள் (கேப் மாட்டும் துளையுள்ள கூம்பு) வழியாகப் பின்னால் வரும் அழுத்தத்தை ஹேமரின் விசைதான் தாங்குகிறது. அது குறைந்தால் ஹேமர் எழும்பும், கேப் கிழிந்து சிதறும்.

இரண்டாவது அடிக்கு வெடிப்பது நிப்பிளின் குறை. முதல் அடி கேப்பை அடிவரை தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. நிப்பிளைக் கழற்றி டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, 400 நம்பர் எமரித் தாளால் கூம்பை லேசாகத் தேயுங்கள். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை கேப் போட்டுப் பாருங்கள். மரக்குச்சியால் அழுத்தினால் அடிவரை இறங்க வேண்டும், கவிழ்த்தால் விழக்கூடாது. அதிகம் தேய்த்துவிட்டால் அந்த நிப்பிள் வீண். துளை 0.7 மி.மீ. அளவிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெருத்திருந்தால் ஆறையும் மாற்றிவிடுங்கள்.

பதில்:
ஹேமர் முகத்தையும் பாருங்கள். சிலிண்டரின் பின்புறம் அறைகளுக்கு நடுவே உள்ள பாதுகாப்பு ஊசியில் ஹேமரை இறக்கி வைப்பதற்காக ஒரு சின்ன வெட்டு இருக்கும். வெடித்த கேப்பின் செம்பு அதற்குள் பிதுங்கி ஒட்டிக்கொள்ளும். ஹேமரை இழுத்தால் கேப்பும் கூடவே வந்து பள்ளத்தில் விழும். ஸ்டீல் எபாக்ஸியால் வெட்டை நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக அரவி மெருகிடுங்கள். அதன்பின் அந்த ஊசி பயன்படாது; ஐந்து அறையை மட்டும் நிரப்பி, ஹேமரைக் காலி அறைமேல் இறக்கி வையுங்கள். பள்ளத்தில் கேப் தடுப்பு ஊசி பதிப்பது இதைவிடத் திடமான வழி. ஆனால் அசல் வடிவத்தை மாற்றக்கூடாது என்ற விதி உள்ள போட்டி என்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பேரலைப் பிடித்து வைக்கும் ஆப்பை ஆழமாக அடித்தால் சிலிண்டர் இறுகுகிறது. இதுவும் கேப்பால்தானா?

பதில்:
இல்லை, ஆர்பர் (சிலிண்டர் சுழலும் நடுத்தண்டு) குட்டையாக இருப்பதால். பேரலில் உள்ள குழியின் அடியை ஆர்பர் தொடாததால், ஆப்பை அடிக்க அடிக்கப் பேரல் பின்னால் வருகிறது. சிலிண்டரை எடுத்துவிட்டு, பேரலைப் பக்கவாட்டில் திருப்பி ஆர்பரில் முழுதாகத் தள்ளுங்கள். பிறகு கீழ்ப்பகுதியை பிரேமை நோக்கித் திருப்புங்கள். பிரேமில் இடித்தால் ஆர்பர் குட்டை. எவ்வளவு இடிக்கிறதோ அதே கனத்துக்கு ஒரு எஃகு வில்லையைக் குழிக்குள் போடுங்கள். ஆப்பு இறுகிய நிலையில் சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைந்தால் போதும்.

பதில்:
ஆர்பரின் பள்ளங்களில் கிரீஸ் நிறைய அப்புங்கள், கருமருந்துப் புகைக்கரி சிலிண்டரைப் பிடிக்காது. குண்டு .454 அங்குல விட்டத்தில் போடுங்கள். அழுத்தும்போது விளிம்பிலிருந்து முழு ஈய வளையம் சீவி வர வேண்டும். வராத அறையில் பக்கத்து அறையின் தீ புகுந்துவிடும். 20 கிரெய்ன் (சுமார் 1.3 கிராம்) கருமருந்து, மேலே இடத்தை நிரப்பச் சமையல் ரவை, குண்டு அறை வாய்க்குச் சற்றே உள்ளே. நடுவில் காற்று இடைவெளி இருக்கவே கூடாது.